பாண்டாவின் சுயம்வரம்

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவது நம் ஊர் வழக்கம். 1966-ஆம் ஆண்டில் பெண்ணே மாப்பிள்ளையைத் தேடி இலண்டனிலிருந்து மாஸ்கோவுக்கு விமானம் ஏறினாள். பெண்ணின் பெயர் சீ-சீ. மாப்பிள்ளையின் பெயர் ஆன்-ஆன். இருவரும் சீனத்து மலைக்காடுகளைச் சேர்ந்த பாண்டாக் கரடிகள். பத்திரிகைகளெல்லாம் இந்தத் திருமணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தன. ஆனால் சம்பந்தம் கூடவில்லை. 1968-இல் ஆன்-ஆன் இலண்டனுக்கே வந்தான், அப்போதும் பயனில்லை. 1972-இல் சீ-சீ குட்டி ஈனாமலே இறந்தாள்.

“பாண்டா ஒரு மந்தப் பிராணி; இனத்தைப் பெருக்கும் ஆசையே அதற்குக் கிடையாது” என்ற பழிச்சொல் இத்தகைய தோல்விகளால் பரவியது. இப்பழி உண்மைதானா? நண்பர்களே, அதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் அவ்விலங்கின் இயல்பை அறிய வேண்டும். பெண் பாண்டா ஆண்டுக்கு ஒரே முறை, இளவேனிற் காலத்தில், பருவத்துக்கு வருகிறது. அதிலும் சினை பிடிக்கக் கூடிய காலம் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரைதான். காட்டிலே இது ஒரு குறையன்று. மரங்களில் ஆணும் பெண்ணும் தேய்த்துவைக்கும் வாடையே அங்கே தூது செல்லும். பருவமடைந்த பெண்ணை நாடி ஆண்கள் பல கூடுவதும் தமக்குள் மோதுவதும் உண்டு. கூண்டிலோ தூதும் இல்லை, போட்டியும் இல்லை. முன்பின் அறியாத ஓர் ஆணைக் கொண்டுவந்து நிறுத்தி, “இதுவே உன் துணை” என்றால் அது எப்படி இசையும்? சீ-சீயோ இளமை முதல் மனிதரிடையே வளர்ந்தது. மனிதரையே தன் இனமென்று அது எண்ணிவிட்டது என்றுகூட அந்நாளில் கருதினர்.

மிருகக்காட்சிச் சாலையில் முதற்குட்டி பிறந்தது 1963-இல், பெய்ஜிங் நகரில். 1978-இல் அங்கேயே செயற்கைக் கருவூட்டலாலும் குட்டி பிறந்தது. ஆயினும் பிறப்பது வேறு, பிழைப்பது வேறு. 1972-இல் சீனா அமெரிக்காவுக்கு அளித்த லிங்-லிங், ஷிங்-ஷிங் என்னும் இணைக்கு வாஷிங்டனில் 1983 முதல் 1989 வரை ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்றும் சில நாட்களுக்கு மேல் வாழவில்லை. 100 கிலோ எடையுள்ள தாய்க்குப் பிறக்கும் குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம்தான்! கண் திறவாத, மயிர் முளையாத சிறு உயிர் அது. இரட்டைக் குட்டிகள் பிறந்தாலோ தாய் பெரும்பாலும் ஒன்றையே பேணும், மற்றொன்றைக் கைவிட்டுவிடும்.

இதற்குச் சீனத்துக் காப்பாளர்கள் ஓர் உபாயம் கண்டனர். ஒரு குட்டி தாயின் மடியில் இருக்க, மற்றது இன்குபேட்டர் பெட்டியில் இருக்கும். தாய் அறியாவண்ணம் இரண்டையும் அடிக்கடி மாற்றி வைப்பார்கள். ஒரு குட்டியையே வளர்ப்பதாகத் தாய் எண்ணும்; இரண்டும் தாய்ப்பால் குடித்து வளரும்.

சிறுநீரிலுள்ள ஹார்மோன்களைச் சோதித்துப் பருவ நாளைக் கணிக்கவும், கூண்டுகளை மாற்றி ஒன்றன் வாடையை மற்றொன்று முன்னரே அறியச் செய்யவும் ஆராய்ச்சியாளர் கற்றனர். தாய்லாந்து நாட்டின் சியாங்மாய் நகரில், ஆண் பாண்டாவுக்கு ஆசை பிறக்கட்டும் என்று, பாண்டாக்கள் இணைசேரும் படங்களைக்கூடப் போட்டுக் காட்டினர்! 2009-இல் அங்கே ஒரு குட்டி பிறந்தது உண்மையே. ஆனால் அது படத்தின் பயனன்று, செயற்கைக் கருவூட்டலின் பயன்.

இத்தனைக்கும் பிறகுதான் மிக எளிய கேள்வி ஒன்று முறையாக ஆராயப்பட்டது. பாண்டாவுக்கும் விருப்பு வெறுப்பு உண்டா? நெருங்கிய உறவில் குட்டி பிறக்கலாகாது என்பதற்காக, வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்தே இணைகள் முடிவு செய்யப்பட்டு வந்தன. நாம் ஜாதகம் பார்ப்பது போலத்தான்! சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் நடந்த ஆய்வொன்றில், ஒரு பாண்டாவின் இருபுறக் கூண்டுகளிலும் வெவ்வேறு துணைகளை விட்டு, அது யாரை நாடுகிறது என்று குறித்தனர். 2015-இல் அதன் முடிவு வெளியாயிற்று. இரண்டுக்கும் ஒன்றன்மேல் ஒன்றுக்கு நாட்டம் இருந்த இடத்தில் இணைசேர்தலும் குட்டி பிறத்தலும் மிகுந்தன. நாட்டமே இல்லாத இடத்தில் அவை மிக அரிதாயின. பதிவேடு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். பதிவேடு ஒப்பும் துணைகள் சிலரை முன்னிறுத்தி, அவர்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விலங்குக்கே விடலாம். சுயம்வரமும் அதுதானே?

இன்று கூண்டுகளில் வாழும் பாண்டாக்கள் 600-க்கு மேல். 2014-இல் முடிந்த கணக்கெடுப்பின்படி காட்டில் வாழ்ந்தவை 1,864. ஆனால் கூண்டில் பிறந்ததைக் காட்டில் விடுவது எளிதன்று. 2006-இல் அவ்வாறு விடப்பட்ட ஷியாங்-ஷியாங் என்னும் ஆண் பாண்டா மறு ஆண்டே இறந்து கிடந்தது. காட்டுப் பாண்டாக்களோடு நேர்ந்த சண்டையே காரணம் என்று கருதினர். மூங்கிற் காடு நிலைத்தால்தான் இத்தனை பாடுகளுக்கும் பொருளுண்டு.

ஆகவே பாண்டா மந்தப் பிராணி அன்று; அதன் ஓரிரு நாட் பருவத்தையும், வாடையின் மொழியையும், அதன் விருப்பத்தையும் அறியாமல் நெடுங்காலம் இருந்தவர்கள் நாமே. ஆராய்ச்சியில் இறங்கும் மாணவர் எவர்க்கும் இது ஒரு பாடம். விடை கிடைக்கவில்லையெனில் விலங்கைப் பழிக்குமுன், கேட்ட கேள்வி சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.