மடக்குக்கத்தியின் பூட்டும் விரல்களின் க்ஷேமமும்

பெரம்பலூரில் சின்ன வெங்காய மூட்டையின் சணலை அறுக்கவும், அரியலூர் முந்திரித் தோப்புகளில் இளங்கொப்புகளைக் கழிக்கவும் மடியிலிருந்து எடுக்கும் மடக்குக்கத்தி, வேலையின் நடுவே தானே மடங்கி விரலை அறுத்துவிடாமல் காப்பது, கைப்பிடிக்குள் வில்போல் வளைந்திருந்து, அலகு விரிந்தவுடன் அதன் அடிப்பாகத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் ‘லைனர் லாக்’ என்னும் மெல்லிய உலோகத் தகடேயாம். அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980-களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திப் பிரசித்தமாக்கிய இவ்வமைப்பு, ஒரு கையாலேயே திறந்து மூட இடந்தருவதால், மறுகையில் பாரம் ஏந்தியிருப்பவர்க்குப் பெரிதும் உபகாரமானது.

• வாங்கும்போது: அலகை முழுதும் விரித்துத் தகட்டை நோக்குக. ஓரத்தை மட்டும் தொட்டு நிற்பதும், தேய்ந்து எதிர்ப்பக்கம் வரை சென்றுவிட்டதும் நம்பத்தக்கவை அல்ல.

• சோதிக்கும்போது: அலகு மடங்கும் பாதையினின்று விரல்களை விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் மெல்ல அழுத்துக. பூட்டு நழுவுமாயின் அக்கத்தியை நீக்குக.

• பராமரிப்பு: அரியலூரின் சுண்ணாம்புக்கல் புழுதியும் வெங்காயச் சாறும் தகட்டடியில் படிந்தால் பூட்டு முழுமையாகப் பொருந்தாது, ஆகையால் பழைய பல் பிரஷினால் துலக்கி, உலர்த்தி, அலகு சுழலும் மூட்டில் மட்டும் ஒரு துளி எண்ணெய் இடுக.

• மூடும்போது: தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கி, அலகு சற்றே அசைந்ததும் விரலை வெளியே எடுத்த பின்னரே முழுதும் மடக்குக.

பூட்டு எத்துணை உறுதியாயினும், குத்துவதற்கும் நெம்புவதற்கும் அதனை நம்பலாகாது. அத்தகைய காரியங்களுக்கு மடங்காத கத்தியே சிரேஷ்டம்.