சமையற் கழிவு எரிவாயுவாவது எப்படி?

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்காக நாம் வரிசையில் நின்றோம். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் விறகு வெட்டவும் எமக்கென்று காணி இல்லை. ஆனால் மரக்கறித் தோலும் மீந்த சோறும் நாளாந்தம் சேருகின்றன. அவற்றிலிருந்து உயிர்வாயு பெறலாம்.

இந்தியாவின் புனே நகரிலுள்ள 'ஆர்ட்டி' நிறுவனம் இதற்கென வடிவமைத்த சிறிய கலன் 2006இல் ஆஷ்டன் விருது பெற்றது. பெரிய பிளாஸ்டிக் தாங்கியில் கரைசல் இருக்கும். அதனுள் கவிழ்த்த சிறிய தாங்கி, வாயு சேரச் சேர மேலெழும். நிலத்தில் கட்டப்படாததால், இடம் மாறும்போது இதையும் எடுத்துச் செல்லலாம்.

சிதைவது எப்படி?

காற்றுப் புகாத கரைசலில் ஒரு வகை நுண்ணுயிர்கள் கழிவை அமிலமாக்குகின்றன. வேறொரு வகை அந்த அமிலத்தை மெதேன் வாயுவாக்குகின்றது. இரண்டாம் வகை மெதுவாகவே வளரும். கழிவை அளவுக்கு மீறிப் போட்டால் அமிலம் மிஞ்சி, மெதேன் நின்றுவிடும். புளித்த நாற்றம் வந்தால் சில நாட்கள் எதுவும் போடாதீர்கள்.

முதலில் சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து நிரப்புங்கள். எரியும் வாயு வந்தபின், நறுக்கிய கழிவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். சவர்க்கார நீர் வேண்டாம்.

மலைநாட்டுக் குளிர்

இந்த நுண்ணுயிர்களுக்கு 35 பாகை செல்சியஸ் அளவான சூடு உகந்தது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறக்குறைய 16 பாகைதான். எனவே கலனை வெயில் படும், காற்று மறைவான இடத்தில் வைத்து, சுற்றிலும் மாணாப்புல் கட்டுங்கள். கழிவை வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். அப்படியும் பனிக்காலத்தில் வாயு குறையும். அப்போது கழிவையும் குறையுங்கள்.

எரிவது எப்படி?

உயிர்வாயுவில் பாதிக்கு மேல் மெதேன்; எஞ்சியதில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு, அது எரியாது. ஆரம்பத்தில் வரும் வாயு பற்றாததற்குக் காரணம் இதுவே. அதை வெளியே திறந்துவிடுங்கள். மெதேன் ஒட்சிசனுடன் சேர்ந்து எரியும்போது சுவாலை நீலமாக இருக்கும். மஞ்சளானால் அடுப்புக்குக் காற்றுப் போதவில்லை. குளிரில் குழாயினுள் நீர் தேங்கும். தாழ்வான இடத்தில் அதை வடிக்க வழி வையுங்கள்.

கவனம்!

வாயுக் கசிவைச் சவர்க்கார நுரையால் பாருங்கள். தீக்குச்சியால் ஒருபோதும் பார்க்கவேண்டாம். மூடிய அறையில் கலனை வைக்கவேண்டாம். வாயு முழு விறகையும் மிச்சப்படுத்தாது. ஆனால் புகையின்றித் தேநீர் வைக்கலாம். வெளிவரும் கரைசல் மரக்கறிப் பாத்திக்கு நல்ல பசளை.

கலந்துரையாடுவோம்

1. எமது வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவு சேர்கிறது? நிறுத்துப் பார்ப்போம்.
2. சாணம் எங்கே கிடைக்கும்?
3. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கலன் வைக்க முடியுமா?