எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்த தாத்தா

வேதபாடப் பகுதி: 1 கொரிந்தியர் 9:24-27, ரோமர் 14-ஆம் அதிகாரம்



இந்தப் பகுதியைத் தியானிக்க உட்கார்ந்தாலே எனக்கு என் தாத்தாவின் விசில் சத்தம்தான் காதில் கேட்கிறது. கே.ஜி.கண்டிகையில் அவரைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் குறைவு. எல்லாருக்கும் அவர் "டிரில் மாஸ்டர்". சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயிற்சி பெற்று வந்தவர். நம்முடைய திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவோடு ஆந்திராவில் இருந்தது. 1960-ல்தான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அதனால் சாகும் வரைக்கும் தாத்தா ஜெபம் பண்ணுவது தமிழில், சுற்று எண்ணுவது தெலுங்கில். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று அவர் எண்ண ஆரம்பித்தால் பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

ஊரில் மைதானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏரிக்கரைதான் மைதானம். கயிறு பிடித்து நூறு மீட்டர் அளந்து, இரண்டு பக்கமும் கல் நட்டு வைத்திருந்தார். சில ஊர்ப் பையன்கள் கால் பலத்துக்காகத் திருத்தணி மலைப்படி 365-ம் ஏறி இறங்குவார்கள். தாத்தா தன் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனதே இல்லை. ஏன் என்று கேட்டால், "அது அவங்க வேண்டிக்கிட்டு ஏறுற படி. நாம ஸ்டாப் வாட்ச் வெச்சிக்கிட்டு அங்க நிக்கக் கூடாது" என்பார். கபடி டீமில் விசுவாசி வீட்டுப் பிள்ளை ஒன்றிரண்டு பேர்தான். மீதிப் பேர் ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கும் ஊறவைத்த கடலை தாத்தா வீட்டில்தான்.

ஆனாலும் சபையில் அவருக்கு எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அபிஷேகம் பெற்ற மனுஷன் விசிலை ஊதிக்கொண்டு பையன்கள் பின்னால் திரிகிறாரே என்று பேசினவர்கள் உண்டு. 1 தீமோத்தேயு 4:8-ஐ எடுத்து அவர் முகத்துக்கு நேராகவே காட்டினார்கள். சரீர முயற்சியைப் பவுல் அற்பம் என்று சொல்லிவிட்டாரே! தாத்தா சிரித்துக்கொண்டு சொல்லுவார்: "அற்பம்னா சைபர் இல்லீங்க. கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் எனக்கு கவர்மெண்ட் சம்பளம் குடுத்துச்சு."

இப்போது வேதத்துக்கு வருவோம். பவுல் கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை வருஷம் தங்கினார் என்று அப்போஸ்தலர் 18:11-ல் வாசிக்கிறோம். அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய பந்தயம் நடக்கும். ஜெயித்தவனுக்குக் கொடுப்பது பொன் அல்ல, பைன் மரத்துத் தழையிலோ, வாடின கீரைத் தழையிலோ கட்டின ஒரு வளையம். இரண்டு நாளில் அது குப்பைக்குப் போகும். அழிகிற கிரீடம் என்று பவுல் எழுதினபோது கொரிந்து சபையாருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

நம்மில் அநேகருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த முதலாம் நூற்றாண்டிலேயே பெண் பிள்ளைகளும் அங்கே ஓடினார்கள். டெல்பி என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில், ஹெர்மேசியானாக்ஸ் என்ற ஒரு தகப்பன் தன் குமாரத்திகள் ஓடி ஜெயித்ததைப் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான். இஸ்த்மியாவில் ஜெயித்த மகளின் பேர் திரிபோசா. ரோமர் 16:12-ல் பவுல் வாழ்த்துகிற திரிபோசாளின் பேரும் அதேதான். இரண்டு பேரும் ஒருத்தி என்று சொல்ல ஆதாரம் இல்லை, நானும் சொல்ல வரவில்லை. ஆனால் பவுல் "ஓடுங்கள்" என்று எழுதினபோது அதை வாசித்த சகோதரிகளும் ஓட்டத்தைக் கண்ணால் கண்டவர்களாக இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். ஏனென்றால் நானும் ஓடினவள்.

ஆம், தாத்தா பேத்தியான எனக்கும் கற்றுக்கொடுத்தார். என் தூரம் 400 மீட்டர். வெறுங்கால். விடியற்காலம் ஐந்து மணிக்குக் குடும்ப ஜெபம், ஐந்தரைக்கு ஏரிக்கரை. பொம்பளைப் பிள்ளையை டிராயரோடு ஓட விடுகிறாரே என்று பேச்சு வந்தது. பாட்டி முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி ஒன்று தைத்துக்கொடுத்து அந்த வாயை அடைத்தார்கள். "தோளைத் தூக்காதம்மா. களைச்சா முதல்ல தோள்தான் ஏறும். தோள் ஏறிச்சுன்னா கால் நின்னுடும்" என்று தாத்தா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

1995. திருவள்ளூர் மாவட்டம் பிரியாத காலம், செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பேர். மாவட்ட அளவில் ஓட்டப் போட்டிக்கு நான் தேர்வாகியிருந்தேன். எனக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமை மழை கொட்டிவிட்டது. இறுதிப் போட்டியை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தள்ளி வைத்தார்கள்.

அன்று ராத்திரி தாத்தா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஆராதனைக்குப் போறேன். நீ ஜெபம் பண்ணி நீயே தீர்மானம் பண்ணிக்கோ கண்ணு." நான் முழங்கால் போட்டேன், உண்மைதான். ஆனால் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். காலையில் டீச்சரோடு வண்டி ஏறிவிட்டேன். ஓடினேன். இரண்டாவதாக வந்தேன். சர்டிபிகேட்டைச் சுருட்டிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தாத்தா, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எத்தனையாவது என்று கேட்கவில்லை. டைம் என்ன என்றும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் அரை செகண்டுக்குச் சண்டை போடுகிற மனுஷன்!

விஷயம் சபைக்குப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் என்னை ஒரு மாதம் கர்த்தருடைய பந்தியிலிருந்து நிறுத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தது. நான் பெண்கள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். தாத்தா எழுந்தார். "ஐயா, ஓடக் கத்துக்குடுத்தது நான். ஞாயித்துக்கிழமைன்னு தெரிஞ்சும், நீயே முடிவு பண்ணிக்கோன்னு சொல்லிட்டு வந்தது நான். நான் தூக்க வேண்டிய பாரத்தைப் பதினஞ்சு வயசுப் பிள்ளை தலையில வெச்சுட்டேன். அது என் தப்பு. நிறுத்தறதா இருந்தா என்னை நிறுத்துங்க."

யாருக்கும் பேச்சு வரவில்லை. அவரை யாரும் நிறுத்தவும் இல்லை. ஆனால் அந்த மாதம் அப்பமும் ரசமும் வந்தபோது, கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த என் தாத்தா கையை நீட்டவில்லை. எனக்குக் கொடுத்தார்கள். என்னால் வாங்க முடியவில்லை. அழுதேன். ஏசாயா 53-ஐ நான் சண்டே ஸ்கூலில் மனப்பாடம் ஒப்புவித்துப் பரிசு வாங்கினவள். ஒருவர் மேல் இன்னொருவருடைய அக்கிரமம் விழுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்படி எழுதுவதைத் தாத்தா கேட்டிருந்தால் கோபித்துக்கொள்வார், ஆண்டவரோடு என்னை ஒப்பிடாதே என்பார். ஒப்பிடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த சின்ன வெளிச்சத்தை வைத்துத்தான் பெரிய வெளிச்சத்தை அறிந்தேன். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன்.

பின்னாளில் ஒன்றைப் படித்தேன். ஒலிம்பியாவில் பந்தயத்துக்கு முன்னால் ஓடுகிறவன் மட்டும் பிரமாணம் செய்வதில்லை. அவன் தகப்பனும், சகோதரரும், பயிற்சி கொடுத்தவனும் சேர்ந்து செய்ய வேண்டும், பந்தயத்துக்கு விரோதமாகத் தவறு செய்ய மாட்டோம் என்று. பத்து மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தேன் என்று ஓடுகிறவன் தனியாகவும் பிரமாணம் செய்வான். பௌசனியாஸ் என்ற பழைய எழுத்தாளர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். கற்றுக்கொடுத்தவனுக்கும் கணக்கு உண்டு! 1 கொரிந்தியர் 9:27-ல் பவுலுடைய பயம் இதுதான். மற்றவர்களுக்குப் பிரசங்கித்த நானே தள்ளப்பட்டுப் போகக்கூடாதே என்கிறார். இந்த வசனத்தை நாம் வாலிபருக்கு மட்டும் பிரசங்கிக்கிறோம். அது முதலாவது பிரசங்கிக்கு, போதகருக்கு, சண்டே ஸ்கூல் டீச்சருக்கு, பேரப்பிள்ளை வளர்க்கிற தாத்தா பாட்டிக்கு.

பந்தி விஷயம் ஆறின பிறகு ஒரு நாள் ஏரிக்கரையில் தாத்தா எரிக் லிடெல் கதையைச் சொன்னார். 1924 பாரிஸ் ஒலிம்பிக். அவருடைய கல்லூரியை 1920-ல் ஆரம்பித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்க ஊழியர்தான் அந்த ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனார். நம்ம சென்னையின் சி.கே.லட்சுமணன் அங்கே தடை ஓட்டம் ஓடினார். அதே பாரிஸில் ஸ்காட்லாந்து நாட்டு லிடெல், 100 மீட்டர் முதல் சுற்று ஜூலை 6 ஞாயிறு என்பதால் ஓடவில்லை. அன்று ஆலயத்தில் பிரசங்கம் பண்ணினார். ஜூலை 11-ல் 400 மீட்டரை 47.6 செகண்டில் ஓடித் தங்கம் வாங்கினார்.

"இதை முன்னாடியே ஏன் தாத்தா சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ லிடெலுக்காக ஓடாம இருந்திருப்ப. கர்த்தருக்காக இல்ல" என்றார்.

பிரசங்கங்களில் கதை தங்கப் பதக்கத்தோடு முடிந்துவிடும். தாத்தா மீதியையும் சொல்லுவார். லிடெல் சீனாவுக்கு மிஷனெரியாகப் போனார். யுத்தத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாட்டேன் என்றிருந்தார். பிள்ளைகள் தாங்களே ஹாக்கி விளையாடி அடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து, பிறகு ஞாயிறும் மைதானத்தில் வந்து நடுவராக நின்றார். 1945 பிப்ரவரி 21-ல் மூளைக்கட்டியால் அந்த முகாமிலேயே மரித்தார். வயது 43.

அப்படியானால் லிடெல் மாறிவிட்டாரா? வாலிபர் கூட்டத்தில் இதை எப்போதும் கேட்கிறார்கள். என் பதில் ரோமர் 14. நாளை விசேஷிக்கிறவன் கர்த்தருக்கென்று விசேஷிக்கட்டும். அவனவன் தன் மனதில் நிச்சயத்தோடு இருக்கட்டும். பாரிஸில் அவர் ஓட மறுத்தது தனக்குக் கிடைக்கும் பதக்கத்தை. வெய்சியனில் விட்டுக்கொடுத்தது பிள்ளைகளுக்காகத் தன் ஓய்வை. இரண்டிலும் அவருக்கு நஷ்டம்தான். எனக்கோ அன்று நிச்சயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆண்டவரைக் கேட்காமல் இருக்க ஆண்டவர் முன்னால் முழங்கால் போட்டேன். 23-ஆம் வசனம் என்னைக் குத்துவது அங்கேதான். ஓடினது பாவமா இல்லையா என்று மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. என் காரியத்தில் எனக்குத் தெரியும்.

தாத்தா 2008-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசி மாதங்களில் படுக்கைதான். பழைய கபடிப் பையன்கள், அவர்களும் தாடி நரைத்தவர்கள், முறை வைத்து வந்து தூக்கி உட்கார வைப்பார்கள். ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். பதின்மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"தாத்தா, அன்னைக்கு நான் ஓடினதுல உங்களுக்கு என் மேல வருத்தமா?"

கண்ணைத் திறந்து பார்த்தார். "டைம் என்னன்னு நீ இன்னும் சொல்லவே இல்லியே?"

"அறுபத்தாறு புள்ளி இரண்டு."

கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள்ளே ஏதோ எண்ணினார், தெலுங்கில்.

"கடைசி நூறுல தோளைத் தூக்கியிருப்ப" என்றார்.