காற்றறிந்து பறத்தல்

நுழையும்முன்

இயந்திரமின்றி வானில் பறப்போருக்குக் காற்றே ஊர்தி, காற்றே இடர். அவ்விடரை அறிந்து விலக்கும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

தோல்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வழியாகத் தெற்கே செல்வோரை ஏலகிரி மலை எதிர்கொள்ளும். திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள இம்மலை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடையது. பாராகிளைடர் என்னும் துணிச்சிறகால் பறக்கும் விளையாட்டு இங்கு நடைபெற்றுள்ளது. ஹேங் கிளைடரும் இவ்வினத்தைச் சார்ந்ததே. அலுமினியக் குழாய்களாலான சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணியே அதன் சிறகு.

மலையும் கடற்கரையும்

சரிவின்மீது மோதும் காற்று மேலெழும். அவ்வெழுச்சி சிறகைத் தாங்கும். சரிவின் மறுபுறத்திலோ காற்று சுழன்று கீழிறங்கும். அங்கு அகப்பட்ட சிறகு நிலைகுலையும். ஆதலின், காற்றை எதிர்நோக்கிய சரிவிலிருந்தே புறப்படுதல் வேண்டும். நண்பகலில் வெப்பமுற்ற நிலத்திலிருந்து எழும் காற்றும் மலைப்பகுதியில் பறப்போரை அலைக்கழிக்கும்.

கடற்காற்று பெரும்பாலும் சீரானது. ரைட் உடன்பிறந்தோர் 1900 முதல் 1902 வரை தம் சறுக்கு விமானங்களை அமெரிக்காவின் கிட்டி ஹாக் கடற்கரையில் சோதித்தனர். தொடர்ந்து வீசும் காற்றும் மென்மணலுமே அவ்விடத்தை அவர்கள் தேர்ந்தமைக்குக் காரணங்கள்.

எனினும் கடற்கரைக்கும் இடர் உண்டு. கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் தமிழர் வழங்கினர். நம் கிழக்குக் கரையில் கொண்டல் பறப்பவரை நிலம்நோக்கித் தள்ளும். கோடையோ கடல்நோக்கித் தள்ளும். நீரில் விழுந்தால், வார்களால் பிணைக்கப்பட்டவர் ஆழமற்ற இடத்திலும் மூழ்க நேரிடும். கோடை வீசும்பொழுது நிலத்தில் நிற்பதே அறிவுடைமை.

ஒரு கொக்கி

ஹேங் கிளைடரில் பறப்பவர் தம் உடற்கச்சையைக் கொக்கியால் சிறகோடு இணைத்துக்கொள்வார். கொக்கியை மாட்ட மறந்து புறப்பட்டு உயிரிழந்தோர் உண்டு. ஆகவே, ஒவ்வொரு முறையும் துணைவர் சிறகைப் பிடித்திருக்க, பறப்பவர் கச்சையில் தொங்கிப் பார்த்த பின்னரே புறப்படுதல் நெறியாகும். ஒரு தையல் பிரிந்திருப்பினும் அக்காலணியை ஒதுக்கிவைக்கும் ஆம்பூர்த் தொழிலாளிக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

முன்னோடியின் முடிவு

ஜெர்மனி நாட்டினரான ஓட்டோ லிலியன்தால், 1891 முதல் தாமே வடிவமைத்த சிறகுகளைக் கொண்டு 2,000 முறைக்குமேல் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று சிறகு நிலைகுலைந்து, ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார்; மறுநாள் இறந்தார். அத்தனை பயிற்சியும் அன்று அவரைக் காக்கவில்லை. அவர் மறைவுச் செய்தியே ரைட் உடன்பிறந்தோரின் கவனத்தைப் பறத்தல்மீது திருப்பியது.

திருக்குறளில் காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பறப்போர் கற்கவேண்டியனவும் அவ்விரண்டே. மலையுச்சிவரை ஏறியபின் காற்று மாறியது கண்டால், சிறகை மடித்துக்கொண்டு இறங்கி, மற்றொரு நாளுக்குக் காத்திருப்பதும் பறக்கும் திறனின் ஒரு பகுதியே ஆகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் வீசும் காற்றின் திசையைக் குறித்து, தமிழ்ப் பெயர்களுடன் அட்டவணைப்படுத்துக.