தத்தெடுக்கும் வழிகளும் குழந்தையின் உரிமையும்

குழந்தைப் பேறில்லாத தம்பதியர், மனைவியின் தங்கை மகளைக் கைக்குழந்தையாக இருந்தபோதே தம் இல்லத்திற்கு அழைத்து வந்து வளர்த்தனர் என்று வைத்துக்கொள்வோம். ஊரும் உறவும் அவளை அவர்களுடைய மகளாகவே அறிந்திருந்தன. பத்திரம் ஏதும் எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. ஆண்டுகள் பல கழித்துக் கணவரும், அவரை அடுத்து மனைவியும், உயில் எழுதாமல் காலமாகின்றனர். வைப்புத்தொகைக்கு நியமனதாரரும் குறிக்கப்படவில்லை. வங்கிக்கு வரும் அப்பெண்ணிடம் வாரிசுரிமைக்கான சான்று கேட்கப்படுகிறது. சட்டத்தின் பார்வையில் அவள் அவ்வீட்டின் மகள் அல்லள். கணவர் ஈட்டிய சொத்து அவருடைய உடன்பிறந்தாருக்குச் செல்கிறது.

வளர்ப்பது வேறு, தத்தெடுப்பது வேறு. நம் நாட்டில் ஒரு குழந்தையைத் தம் குழந்தையாக ஏற்கச் சில வழிகள் உள்ளன. ஒவ்வொரு வழியும் அக்குழந்தைக்கு எத்தகைய இடத்தை அளிக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

1956ஆம் ஆண்டுச் சட்டம்

இந்து தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்குப் பொருந்தும். இதன்படி குழந்தையைப் பெற்றோர் நேரடியாகத் தத்துக் கொடுக்கலாம். கொடுப்பதும் ஏற்பதும் உண்மையில் நிகழ வேண்டும், ஹோமம் கட்டாயமில்லை. குழந்தை பொதுவாக 15 வயது நிறைவடையாததாகவும் திருமணமாகாததாகவும் இருக்க வேண்டும். மகன், பேரன் அல்லது கொள்ளுப்பேரன் இருப்பவர் ஆண் குழந்தையையும், மகளோ மகன்வழிப் பேத்தியோ இருப்பவர் பெண் குழந்தையையும் தத்தெடுக்க இயலாது. ஆண் ஒருவர் பெண் குழந்தையையோ, பெண் ஒருவர் ஆண் குழந்தையையோ தத்தெடுப்பதாயின் இருவருக்கும் இடையே 21 வயது வேறுபாடு தேவை. மணமானவர் தம் துணையின் இசைவைப் பெற வேண்டும்.

கொடுப்பவரும் ஏற்பவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த தத்துப் பத்திரம் இருப்பின், தத்தெடுப்பு முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். மறுப்பவரே அதற்கு மாறானதை நிரூபிக்க வேண்டும். மேலே கூறிய பெண்ணிடம் இல்லாமற் போனது இந்தப் பத்திரமே. முறையாக நடந்த தத்தெடுப்பைப் பின்னர் எவரும் ரத்து செய்ய முடியாது. தத்துக்கு முன்பே குழந்தைக்குச் சேர்ந்த சொத்து, அதற்குரிய கடமைகளுடன் குழந்தையிடமே தொடரும்.

2015ஆம் ஆண்டுச் சட்டம்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் எம்மதத்தவருக்கும் பொதுவானது. ஆதரவற்ற, கைவிடப்பட்ட, பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளை இச்சட்டத்தின் வழியே தத்தெடுக்கலாம். ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்வதே முதற்படி.

தம்பதியர் எனில் குறைந்தது இரண்டாண்டுகள் நிலையான மணவாழ்வு நடத்தியிருக்க வேண்டும். தனி நபரும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் தனித்து வாழும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. இரண்டு வயது வரையிலான குழந்தையை நாடும் தம்பதியரின் கூட்டு வயது 85ஐயும், தனி நபரின் வயது 40ஐயும் தாண்டக் கூடாது. குழந்தையின் வயது கூடக் கூட இவ்வரம்பும் உயரும். பெற்றோருக்கும் குழந்தைக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும்.

ஆவணங்களைச் சமர்ப்பித்த பின்னர் சமூகப் பணியாளர் இல்லத்திற்கு வந்து ஆய்வறிக்கை தயாரிப்பார். அவ்வறிக்கை மூன்றாண்டுகள் செல்லும். முறை வரும்போது குழந்தையின் விவரங்கள் இணையவழியே அனுப்பப்படும். 48 மணி நேரத்திற்குள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும். குழந்தையை நேரில் கண்டு ஏற்ற பின், மாவட்ட ஆட்சியர் தத்தெடுப்பு ஆணை வழங்குவார். முன்பு நீதிமன்றத்திடம் இருந்த இவ்வதிகாரம் 2022 செப்டம்பர் முதல் ஆட்சியரிடம் உள்ளது. அதன்பின் இரண்டாண்டுகள் குழந்தையின் நலன் கண்காணிக்கப்படும். ஆணை பிறந்த நாள் முதல் குழந்தை வாரிசுரிமை உள்ளிட்ட அனைத்துக்கும் அக்குடும்பத்தின் பிள்ளையே.

உறவினர் குழந்தையும் துணைவரின் குழந்தையும்

பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இருவழிப் பாட்டன் பாட்டி ஆகியோர் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் உறவுக் குழந்தையைத் தத்தெடுக்கலாம். மறுமணம் செய்துகொண்டவர் துணைவரின் முந்தைய மணத்துக் குழந்தையையும் அவ்வாறே ஏற்கலாம். இவற்றில் காத்திருப்புப் பட்டியல் இல்லை. எனினும் இணையப் பதிவும், பெற்றவர்களின் இசைவும், ஐந்து வயது நிறைந்த குழந்தையாயின் அதன் இசைவும், ஆட்சியரின் ஆணையும் வேண்டும்.

பாதுகாவலர் உரிமை

1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றம் ஒருவரைக் குழந்தையின் பாதுகாவலராக நியமிக்கலாம். தத்தெடுப்பை ஏற்காத தனிச்சட்டங்களைப் பின்பற்றும் சமூகத்தினர் நெடுங்காலமாக நாடிவந்த வழி இது. இவ்வுறவு குழந்தை உரிய வயதை அடைந்ததும் முடிவுறும், வாரிசுரிமை எழாது. இச்சமூகத்தினரும் விரும்பினால் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது.

குறுக்குவழி வேண்டாம்

பதிவு செய்து காத்திருக்கும் குடும்பங்களைவிடத் தத்துக்கு உரியதாக அறிவிக்கப்படும் குழந்தைகள் மிகக் குறைவு. ஆகவே காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த ஏக்கத்தைக் கண்டு, ‘மருத்துவமனையிலேயே முடித்துத் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகரை நம்பலாகாது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கத்தக்க குற்றங்கள். நேரடித் தத்திலும் பணம் கைமாறுவதை 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பொய்யான பிறப்புச் சான்றிதழோடு வரும் குழந்தையைப் பின்னொரு நாள் அதிகாரிகள் மீட்டுச் செல்ல நேரிடலாம். அப்பிரிவின் துயரம் பெற்றோரை மட்டுமல்ல, குழந்தையையும் தாக்கும்.

ஆணை கிடைத்த பின்

தத்தெடுப்பு ஆணை அல்லது பதிவுப் பத்திரம் கிடைத்ததும் புதிய பெற்றோர் பெயருடன் பிறப்புச் சான்றிதழ் பெறுக. அதன் அடிப்படையில் ஆதார், மருத்துவக் காப்பீடு, சிறார் சேமிப்புக் கணக்கு ஆகியவற்றை ஏற்படுத்துக. வைப்புத்தொகை, சேமநிதி, ஆயுள் காப்பீடு ஆகியவற்றின் நியமனங்களைப் புதுப்பித்தல் நன்று. வைப்புத்தொகையின் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையவர். அப்பணத்தின் உரிமை வாரிசுகளுக்கோ உயில்வழிப் பயனாளிக்கோ உரியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

ஏற்கெனவே உறவுக் குழந்தையை ஆவணமின்றி வளர்த்து வருவோர் காலம் தாழ்த்த வேண்டாம். குழந்தை 15 வயதுக்குட்பட்டிருந்து, பெற்றவர்களும் இசைந்தால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தத்துப் பத்திரம் எழுதலாம். 18 வயது நிறையும் வரை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் உறவினர் வழி திறந்திருக்கும். அவ்வயதும் கடந்துவிட்டால் பொதுவாக உயிலே துணை. இஸ்லாமியத் தனிச்சட்டத்தில், பிற வாரிசுகளின் இசைவின்றி உயிலால் அளிக்கக்கூடியது சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்பதையும் நினைவிற்கொள்க. எவ்வழியைத் தேர்ந்தாலும் முதலில் வழக்கறிஞரையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ கலந்தாலோசித்தல் நலம்.

தங்கை மகளை வளர்த்த அத்தம்பதியருக்கு அன்பில் குறையேதுமில்லை. பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் செலவிட்டிருந்தால், அவ்வன்பு அவர்கள் காலத்திற்குப் பின்னும் அவளைக் காத்திருக்கும்.