வெண்திட்டும் மரபணுச் சோதனையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குப் பின், ஒரகடத்தை அடுத்த ஓர் ஊராட்சிக்குக் கிராம சபை நிமித்தம் நாம் சென்றிருந்தோம். பீகாரிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து, ஒரு விவசாயியின் தோட்டத்து அறையில் வாடகைக்குக் குடியிருந்த இளைஞரை ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமென்று சிலர் மனுக் கொடுத்தனர். அவருடைய முகத்திலும் மார்பிலும் வெளிறிய திட்டுகள் இருந்தன. அது குஷ்டம் என்று ஊரார் முடிவு கட்டிவிட்டனர். உண்மையைச் சொன்னால், நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். தொழுநோயாகவே இருப்பினும் ஒருவரை விரட்டுதல் முறையன்று. மருந்து உட்கொள்ளத் தொடங்கியவரிடமிருந்து அந்நோய் பரவுவதில்லை. ஆனால் இங்கே நோயே வேறு.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் திட்டுகளைப் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி குன்றவில்லை. தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும். பின்னர் அவர், "முன்பு நெடுநாள் காய்ச்சல் கண்டதுண்டா?" என்று வினவினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊரில் காலா ஆஜார் கண்டு சிகிச்சை பெற்றதாக இளைஞர் கூறினார். அதுவரை அவரிடம் இதனை ஒருவரும் கேட்டதில்லை.

காலா ஆஜார் என்பது கல்லீரலையும் மண்ணீரலையும் வீங்கச் செய்யும் காய்ச்சல். அதன் கிருமியோடு நமது மாநிலத்திற்குப் பழைய தொடர்பு உண்டு. 1903-இல் லண்டனில் லீஷ்மன் என்பவரும், அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையின் டாக்டர் சார்லஸ் டோனவன் என்பவரும் தனித்தனியே இந்த ஒட்டுண்ணியைப் பற்றி அறிவித்தனர். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். காய்ச்சல் குணமடைந்த பின்னும் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து அதே ஒட்டுண்ணி தோலில் திட்டாகவோ முடிச்சாகவோ வெளிப்படுகிறது. அரிதாக உதடு, நாக்கு முதலிய சளிச்சவ்வுகளையும் பற்றுவதுண்டு. இவ்விளைஞருக்கு நேர்ந்தது இதுவே.

இதனை உறுதி செய்வது எளிதன்று. திட்டின் ஓரத்தைச் சிறிது கீறி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. முடிச்சுகளில் ஒட்டுண்ணி மிகுதி. வெளிறிய திட்டுகளில் மிகச் சொற்பம், ஆதலால் கண்ணுக்குத் தப்பிவிடும். இவருக்கும் அப்படியே ஆயிற்று. இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காட்டும் பட்டைச் சோதனையோ, குணமடைந்தவருக்கும் பல ஆண்டுகள் நோய் இருப்பதாகவே காட்டக்கூடும். எனவே மரபணுச் சோதனைக்கு மாதிரி அனுப்பப்பட்டது.

2020-இல் கொரோனாவின்போது நாம் அனைவரும் கேட்டறிந்த பி.சி.ஆர். முறையே இது. விவசாயப் பெருமக்களுக்கு விதைப் பெருக்கம் என்றால் விளங்கும். மாதிரியை ஏறத்தாழ 95 பாகை சென்டிகிரேடு வரை சூடாக்கினால் மரபணுவின் இரட்டை இழை பிரிகிறது. குளிர்வித்ததும், லீஷ்மேனியாவின் மரபணுவோடு மட்டுமே பொருந்துமாறு செய்த சிறு துணுக்குகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் ஒரு நொதி இழையை நிறைவு செய்கிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்; 30 சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். கொதிநீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரியிடமிருந்து பெற்ற நொதி என்பதால் அச்சூட்டில் அது கெடுவதில்லை. மேலும், லீஷ்மேனியா ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10,000 சிறு மரபணு வளையங்கள் இருப்பதால், ஒட்டுண்ணி மிகச் சிலவே இருந்தாலும் சிக்கிக்கொள்கிறது.

இனத்தைப் பிரித்தறியவும் இம்முறை உதவுகிறது. தென் அமெரிக்காவில் மூக்கையும் வாயையும் அரிக்கும் இனம் வேறு. இலங்கையில் 1992 முதல் உள்ளூரிலேயே தோன்றிவரும் தோல் புண்ணுக்குக் காரணம் டோனவானி இனமே. குறையும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் சிறிது அசுத்தம் கலந்தாலும் தவறான முடிவு வரும். ஆதலின் நோயாளியின் வரலாற்றோடு சேர்த்தே மருத்துவர் முடிவைப் படிப்பார்.

இளைஞருக்கு நோய் இருப்பது உறுதியாயிற்று. மில்டிஃபோசின் மாத்திரையை 12 வாரம் உட்கொள்ளுமாறு பணித்தனர். மருத்துவர் மேற்பார்வையின்றி இதனை உண்ணலாகாது. கருவுற்ற பெண்களுக்கு அறவே ஆகாது.

தொட்டால் இந்நோய் ஒட்டாது. பரப்புவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும், தத்தித் தத்திப் பறக்கும். தேங்கிய நீரில் அன்றி, சாணமும் குப்பையும் மக்கிய ஈர மண்ணிலும் சுவர் வெடிப்பிலும் பெருகும். இந்த ஈ நமது மாட்டுத் தொழுவங்களிலும் உண்டு. திட்டுள்ளவரைக் கடித்த ஈ பிறருக்கு நோயைக் கொண்டு செல்லக்கூடும் என்பதால், அவரை விரட்டி மருந்தின்றி அலையவிடுவதே ஊருக்குக் கேடு. பீகார் முதலிய 4 மாநிலங்களில், ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகக் காலா ஆஜாரை ஒடுக்குவதே குறிக்கோள். வட்டாரமே அளவுகோல் என்பது எம்போன்ற அலுவலருக்குச் சற்று உறுத்துகிறது.

மனு திரும்பப் பெறப்பட்டது. தோட்டத்து அறையின் சுவர் வெடிப்புகளை உரிமையாளர் பூசிவிட்டார். தொழுவத்துச் சாணக்குழியைச் சற்றுத் தள்ளி வெட்டும் வேலை நடந்துவருகிறது.