திருக்காவலூரும் கோணான்குப்பமும்

நுழையும்முன்

ஒரு மண்ணின் மொழியும் கலையும் அம்மண்ணின் வழிபாட்டிடங்களில் பதிந்து நிற்கின்றன. கடல் கடந்து வந்த சமயம் ஒன்று தமிழ் மக்களின் சமயமாக வேரூன்றியது எவ்வாறு? வீரமாமுனிவரின் வாழ்வோடு தொடர்புடைய இரு திருத்தலங்கள் இவ்வினாவிற்கு விடை பகர்கின்றன.

முனிவரின் வருகை

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியான அவர் 1710இல் இந்தியாவிற்கு வந்து, மதுரை மறைத்தளத்தில் பணியேற்றார். மக்களின் உள்ளத்தை அவர்தம் மொழியால்தான் அடைய இயலும் என்பதை உணர்ந்து, தமிழ் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். தமிழ்த் துறவியரைப் போன்றே உடையும் உணவும் கொண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயரே அவருக்கு நிலைத்தது.

காவல் தந்த ஊர்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ளது ஏலாக்குறிச்சி. முனிவர் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றிய ஊர் இது. இங்கு எழுந்த ஆலயத்தின் அன்னைக்கு ‘அடைக்கல மாதா’ என்றும், ஊருக்குத் ‘திருக்காவலூர்’ என்றும் பெயர் வழங்கலாயிற்று. துன்புற்றோர்க்குப் புகலிடம் என்னும் பொருளை இவ்விரு பெயர்களும் தாங்கி நிற்கின்றன.

கோயில்கொண்ட இறைவனையும் நாடாளும் வேந்தனையும் கலம்பகம் பாடிப் போற்றுவது தமிழ் மரபு. அம்மரபிலேயே முனிவர் இவ்வன்னைமீது ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடினார். பாடல்பெற்ற தலம் என்னும் சிறப்பு இச்சிற்றூருக்கும் உரியதாயிற்று.

சேலை உடுத்திய அன்னை

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்துள்ளது கோணான்குப்பம். இங்குள்ள அன்னையின் திருவுருவம், சேலை உடுத்திக் கையில் குழந்தை இயேசுவை ஏந்திய தமிழ்ப்பெண்ணின் கோலத்தில் விளங்குகிறது. அன்னையின் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் சிவன்கோயில் இறைவிக்கும் அதுவே பெயர். அவ்வட்டார மக்களின் நாவில் பழகிய பெயரையே முனிவர் தம் அன்னைக்கும் சூட்டினார். அயலது என்னும் எண்ணம் அகல்வதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

பெயரில் விளங்கும் தமிழ்

முனிவர் ‘தேம்பாவணி’ என்னும் பெருங்காப்பியத்தை இவ்வூரில் இயற்றினார் என்பது மரபுவழிச் செய்தி. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரே அதன் தலைவர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் ‘பெருகச் செய்தல்’ என்னும் பொருளை உள்ளடக்கியது. முனிவர் அதனை ‘வளன்’ எனத் தமிழாக்கினார். ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்த இம்முறை எண்ணி மகிழத்தக்கது. ஆலயத்தில் அன்னைக்குச் சேலை அணிவித்ததும், காப்பியத்தில் தலைவனுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டியதும் ஒரே நோக்கின் இரு வெளிப்பாடுகள்.

> தெரிந்து தெளிவோம்
> தேம்பா + அணி = வாடாத மாலை
> தேன் + பா + அணி = தேன் போன்ற பாக்களால் ஆன அணிகலன்
> தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது.

காண வேண்டியவை

கொடியேற்றமும் தேர்ப்பவனியும் இத்தகைய தலங்களின் திருவிழாக்களுக்கு அழகூட்டுகின்றன. தேர் வடிவிலும் நேர்த்திக்கடன் செலுத்தும் முறையிலும் தமிழர் வழிபாட்டு மரபுகள் தொடர்வதைக் காணலாம். கட்டடங்கள் காலந்தோறும் புதுப்பிக்கப்படும். அவற்றின் தோற்றமும் மாறும். மக்கள் அன்னையை அழைக்கும் பெயர் தலைமுறைகளைக் கடந்து வாழ்கிறது. ஆதலின், கோபுரத்தை நோக்கும் கண்கள் ஊர்ப்பெயரையும் திருவுருவத்தின் உடையையும் நோக்கட்டும். பாடல்கள் செவியில் விழட்டும். சமயங்கள் பலவாயினும் அவற்றை இணைக்கும் பாலமாகத் தமிழ் விளங்குவதை அங்கே உணரலாம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியிலுள்ள பழமையான வழிபாட்டிடம் ஒன்றன் பெயர்க்காரணத்தைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.
2. ‘ஒலியைப் பெயர்ப்பதினும் பொருளைப் பெயர்ப்பதே சிறந்தது’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.